பலகைகளுக்குப் பின்னால் நான்கு குட்டிகள்: ஒரு தாய்ப்பூனையோடு ஒன்பது வாரம்

கொல்லையில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய பலகைகளில் ஒன்றை எடுக்கப் போனபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கம்பியைக் கம்பி உரசுவது போல ஒரு மெல்லிய கீச்சு. பலகையைக் கையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தால், கிழிந்த சாக்கு ஒன்றின் மேல் நான்கு பூனைக்குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டு சாம்பல் வரி, ஒன்று முழுக் கறுப்பு, இன்னொன்று வெள்ளையும் கறுப்பும் செம்பழுப்பும் கலந்த மூன்று நிறம். தாயைக் காணோம்.

அன்று தொடங்கி ஒன்பது வாரம் ஒரு நோட்டில் தினமும் குறித்து வந்தேன். எத்தனை மணிக்கு எது வந்தது, என்ன தின்றது, எந்தக் குட்டி எத்தனை கிராம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று குட்டிகள் பிழைத்தன, ஒன்று இறந்தது, தாய்க்குக் கருத்தடை அறுவை நடந்தது. நடுவில் நான் இரண்டு தவறுகள் செய்தேன். இரண்டுமே பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்த்ததால் வந்தவை. இதே நிலையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் யாருக்காவது உதவும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

முதல் காலை

குட்டிகளின் வயதை ஊகிப்பது அவ்வளவு கடினமில்லை. தொப்புள்கொடித் துண்டு 3 முதல் 5 நாளுக்குள் காய்ந்து விழுந்துவிடும்; இவற்றுக்கு விழுந்திருந்தது. கண் 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும். இவற்றுக்கு மூக்குப் பக்கத்து ஓரத்தில் மட்டும் கோடு போலத் திறந்து, உள்ளே நீலமாக ஏதோ பளபளத்தது. காது மடல் இன்னும் நிமிரவில்லை. ஆக 9 நாள், மிஞ்சிப்போனால் 10.

நான்கையும் அள்ளி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. துணியைக்கூட எடுத்து வந்துவிட்டேன். மதில்மேல் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு அக்காதான் நிறுத்தினார்.

“கைய வைக்காத தம்பி. தாய் தீனி தேடப் போயிருக்கும். வயித்தப் பாரு, நெறஞ்சிருக்கா?”

பார்த்தேன். நான்கு வயிறும் உருண்டையாக இருந்தன. உடம்பு சுத்தமாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, நான் பலகையை அசைத்ததும் ஒன்று முனகியதே தவிர மற்றவை தூங்கின. தாய் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தாயில்லாமல் ஒரு நாள் கழிந்த குட்டிகள் இப்படி இருக்காது. வயிறு ஒட்டியிருக்கும், பின்பக்கம் அழுக்கேறியிருக்கும், ஓயாமல் கத்தும், ஆளுக்கொரு திசையில் ஊர்ந்து சில்லிட்டுக் கிடக்கும். பால் கொடுக்கும் தாய் இரைக்காக நாலைந்து மணி நேரம் வெளியே போவது வெகு சாதாரணம். தெருவிலும் கொல்லையிலும் “அநாதைக் குட்டிகள்” என்று எடுத்துப் போகப்படுபவற்றில் நிறைய குட்டிகளுக்குத் தாய் பக்கத்திலேயே எங்கோ ஒளிந்து, நாம் விலகுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். இந்த வயதில் தாய்ப்பாலுக்கு ஈடான எதுவும் நம்மிடம் கிடையாது. ராத்திரி பகல் பாராமல் மூன்று மணிக்கு ஒருமுறை புட்டிப்பால் கொடுத்தாலும், தாய் வளர்ப்பதுபோல வராது.

பலகையைப் பழையபடி சாய்த்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றி மெல்லியதாக மாவைத் தூவினேன். நாம் பார்க்காத நேரத்தில் தாய் வந்து போனாலும் மாவில் கால்தடம் விழுந்துவிடும். பிறகு சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

நண்பகல் 12:10-க்கு மதில்மேல் வந்தது. சாம்பல் வரிப்பூனை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வயிற்றின் அடியில் காம்புகளைச் சுற்றிக் குட்டிகள் சப்பிச் சப்பி முடி உதிர்ந்து, இளஞ்சிவப்பாக வட்டம் வட்டமாகத் தெரிந்தது. இரண்டு காதும் முழுசாக இருந்தன. இது முக்கியமான குறிப்பு: கருத்தடை செய்து திரும்ப விடப்படும் தெருப்பூனைகளுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை, பெரும்பாலும் இடது காதை, நேர்கோடாக வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் அது. இதற்கு அது இல்லை.

என் தலை ஜன்னலில் தெரிந்ததாலோ என்னவோ, இருபது நிமிடம் மதிலைவிட்டு இறங்கவே இல்லை. நான் பின்னால் நகர்ந்து மறைந்ததும்தான் இறங்கிப் பலகைக்குள் நுழைந்தது. இந்த இருபது நிமிடத்தை நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டிருந்தால் அடுத்த நாள் நடந்தது நடந்திருக்காது.

கறுப்புக் குட்டி

அன்று மாலை செய்தது சரி. பலகைகளிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, குட்டிப்பூனைகளுக்கென்று விற்கும் பூனைத் தீனியையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்தேன். பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கமான தீனியைப்போல இரண்டு, மூன்று மடங்கு தேவைப்படும்; குட்டிகளுக்கான தீனியில் புரதமும் கொழுப்பும் கூடுதல் என்பதால் தாய்க்கும் அதுவே நல்லது. குட்டிகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தீனி வைக்கக் கூடாது, எறும்பும் வேற்றுப் பூனையும் தேடி வந்துவிடும். தட்டு அரை மணியில் காலியானது.

மறுநாள்தான் ஆர்வம் மிஞ்சிப்போனது. சாக்கு அழுக்காக இருக்கிறதே என்று ஒரு அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி, துண்டு விரித்து, இரண்டு பலகைகளை அப்புறப்படுத்தி, குட்டிகளுக்கு ஒட்டினாற்போல வைத்தேன். மாலைக்குள் ஐந்து முறை டார்ச் அடித்துப் பார்த்தேன். நோட்டில் ஐந்து முறையும் நேரம் குறித்திருக்கிறேன், அவ்வளவு மும்முரம். தாய் மதில்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மனித வாடை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது அப்படியே உண்மையில்லை. ஆனால், இடம் பத்திரமில்லை என்று தாய்க்குப் பட்டுவிட்டால் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிவிடும். வெளிச்சம், ஆள் நடமாட்டம், மறைவு திடீரென்று குறைவது, இதில் ஒன்றே போதும். நான் மூன்றையும் ஒரே நாளில் செய்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை போய்ப் பார்த்தபோது சாக்கில் கறுப்புக் குட்டி மட்டும் கிடந்தது. மற்ற மூன்றும் இல்லை.

தாய் ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வித்தான் தூக்கிப் போகும். பிடரியைக் கவ்வியதும் குட்டி காலை மடக்கிக்கொண்டு அசையாமல் தொங்கும், அது உடம்பிலேயே ஊறிய பழக்கம். மூன்றைக் கொண்டுபோன தாய் நான்காவதற்கு ஏன் வரவில்லை? விடிந்துவிட்டதால் இருக்கலாம், தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கியதால் இருக்கலாம். காரணம் எதுவானாலும், வெகுநேரம் அந்தக் குட்டி தனியாகக் கிடந்திருக்கிறது. முதல் மூன்று, நான்கு வாரங்களுக்கு இவற்றால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவற்றின் உடம்பும்தான் அவற்றின் அடுப்பு.

கையில் எடுத்தேன். ஈரக் களிமண் உருண்டையை எடுத்தது போலிருந்தது. விரலை வாயில் வைத்துப் பார்த்தேன், வாய்க்குள்ளும் குளிர். சப்பவில்லை. ஈறு வெளுத்திருந்தது. ஒரு காலை மட்டும் மிக மெதுவாக, தண்ணீருக்குள் இருப்பதுபோல நீட்டியது.

அடுப்பில் பாலை வைக்கத்தான் கால்கள் போயின. நல்லவேளையாக அதற்கு முன்னால் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது, “பால் எதுவும் கொடுத்துட்டீங்களா?” என்றுதான். “இல்லை டாக்டர்” என்றதும், “கொடுக்காதீங்க. முதல்ல சூடு. சூடு ஏறின அப்புறம்தான் வாயில எதுவும்” என்றார். உடம்பு சில்லிட்டிருக்கும்போது குட்டியின் குடல் வேலை செய்யாது. ஊற்றும் பால் வயிற்றிலேயே தங்கிக் கெடும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போகும். சில்லிட்ட குட்டிகளைப் பெரும்பாலும் கொல்வது பதறிப்போய் நாம் ஊற்றும் அந்தப் பால்தான் என்றார்.

ஆகவே சூடு. அதையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். இரண்டு பாட்டில்களில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பித் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தேன். மறுபாதி வெறுமையாக இருக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே. நேரடியாகச் சுடுநீர்ப் பாட்டிலை ஒட்டி வைத்தால் தோல் வெந்துவிடும். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நடுவில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டேன். முதலில் உள்ளங்கால் வெதுவெதுப்பானது, அப்புறம் வாய். 7:50-க்குத் தலையைத் தூக்கி ஒரு கத்தல். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன்.

சர்க்கரை கலந்த தண்ணீர் ஒரு சொட்டை ஈறில் தடவினேன். மருத்துவரிடம் போய்ப் பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு வாங்கினேன். பசும்பால் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது: பூனைப்பாலில் உள்ள அளவுக்குப் புரதமோ கொழுப்போ அதில் கிடையாது, அதிலிருக்கும் லாக்டோஸ் பேதியை உண்டாக்கும், இந்தச் சிறிய உடம்பில் பேதி என்றால் சில மணி நேரத்தில் நீர் வற்றிவிடும். குட்டி அன்று 148 கிராம். இந்த வயதுக்கு 200 கிராமாவது இருந்திருக்க வேண்டும். ஒரு வேளைக்கு வயிறு தாங்குவது ஏறத்தாழ 100 கிராம் எடைக்கு 4 மில்லி. அதனால் 5 மில்லியோடு நிறுத்திக்கொண்டேன். கொடுக்கும்போது தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறப் படுத்த நிலையிலேயே இருக்க வேண்டும். கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் பிடித்தால் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவினால்தான் சிறுநீர் வரும். தாய் நக்கித் தூண்டாமல் மூன்று வாரம் வரை அவற்றால் தானாகப் போக முடியாது. இது தெரியாமல் பால் மட்டும் கொடுத்துக் குட்டியை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஈறு வெளுத்திருந்ததற்குத் தெள்ளுப்பூச்சியும் ஒரு காரணம். மருத்துவர் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரியபோது 23 வந்தன, உட்கார்ந்து எண்ணினோம். உள்ளங்கை அளவு உடம்பில் 23 பூச்சி ரத்தம் குடித்தால் சோகை வராமல் என்ன செய்யும்? இந்த வயதில் பூச்சிமருந்து கூடாது, சீப்பும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும், உடனே முழுசாக உலர்த்துவதும்தான். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்து பூனைக்கு விஷம். குட்டிக்கு மட்டுமில்லை, வளர்ந்த பூனைக்கும்தான்.

குட்டியைத் தாயிடம் திரும்பச் சேர்க்க வேண்டும். மற்ற மூன்றும் எங்கே என்று நான் தேடிப் போகவில்லை. அந்த அளவு படித்திருந்தேன். மாலை ஐந்தரைக்குத் தாய் தீனித் தட்டுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னால், தாழ்வான பெட்டி ஒன்றில் வெந்நீர்ப் பாட்டிலோடு குட்டியைப் படுக்கவைத்துத் தட்டுக்கு ஆறடி தள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வேண்டுமென்றே கொஞ்சம் பசியோடு விட்டிருந்தேன், கத்த வேண்டுமே. கத்தியது. தாய் தின்பதை நிறுத்திக் காதைத் திருப்பியது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. சோப்பும் பால்மாவும் என் கையுமாக எத்தனை வாடை அந்தக் குட்டியின் மேல்! முகர்ந்தது, தலையை இரண்டு நக்கு நக்கியது, பிடரியைக் கவ்வியது. கொல்லையின் மறுகோடியில் தகரக் கொட்டகைக்குள் சாய்த்திருந்த பழைய கதவுக்குப் பின்னால் போய் மறைந்தது.

அதன் பிறகு எட்டு நாள் அந்தக் கதவுப் பக்கமே நான் போகவில்லை. காலையும் மாலையும் தட்டை நிரப்பினேன், அவ்வளவுதான்.

உள்ளே கொண்டுவந்தது

குட்டிகளுக்கு 17 நாள் ஆனபோது இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. மழை பிடித்துக்கொண்டது, கொட்டகைக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது. கூடவே, தலை பருத்த ஒரு செம்பழுப்புக் கடுவன் இரவில் மதில்மேல் நடமாட ஆரம்பித்தது. கடுவன்கள் சில நேரம் குட்டிகளைக் கொன்றுவிடும். வயதும் சரியான வயது. 2-ஆம் வாரத்திலிருந்து 7-ஆம் வாரம் வரைதான் பூனைக்குட்டி மனிதரோடு எளிதாகப் பழகும் காலம். அதைத் தாண்டியும் பழக்கலாம், ஆனால் நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே போகும்.

முதலில் தாய், அப்புறம் குட்டிகள். இந்த வரிசை மாறக் கூடாது. குட்டிகளை எடுப்பதைத் தாய் பார்த்துவிட்டால் பாயும், இல்லாவிட்டால் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். விலங்கு நல ஆர்வலர் ஒருவரிடமிருந்து, உள்ளே மிதித்தால் கதவு விழும் கூண்டை இரவல் வாங்கினேன். மூன்று நாள் கதவைத் திறந்து கட்டிவிட்டு, தீனித் தட்டைக் கூண்டின் வாயிலில், அப்புறம் நடுவில், அப்புறம் கடைசியில் என்று நகர்த்தினேன். நான்காம் நாள் கட்டை அவிழ்த்தேன். மாலை ஐந்து நாற்பதுக்குக் கதவு விழுந்தது.

கூண்டுக்குள் அது மோதிய மோதலைப் பார்க்க முடியவில்லை. கனமான போர்வையை மேலே போட்டு மூடியதும் அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. இருட்டானால் பூனை அமைதியாகும் என்று தெரிந்திருந்தும் போர்வையைப் பக்கத்திலேயே வைத்திருக்காமல் வீட்டுக்குள் போய் எடுத்து வந்தது என் பிழை. தூக்கும்போது கைப்பிடிக்குப் பதிலாகப் பக்கவாட்டுக் கம்பியில் விரல் பட்டுவிட்டது, சுட்டுவிரலில் ஆழமாகக் கடித்துவிட்டது.

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பூனைக்கடி வெளியே பார்க்க ஊசி குத்தியதுபோலத்தான் இருக்கும், ஆனால் பல் மெல்லியது, நீளமானது, கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரும். அதற்கும் மேலாக, பூனையாலும் ரேபிஸ் பரவும். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. நேராக மருத்துவமனை. அன்றே தடுப்பூசி தொடங்கினார்கள், ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். பூனை கண்முன்னே இருந்ததால் 10 நாள் அதைக் கவனிக்கவும் சொன்னார்கள்; கடித்த நாயோ பூனையோ 10 நாள் கழித்தும் நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் இருந்திருக்காது. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. “சின்னக் கீறல்தானே” என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது. அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் அப்புறம் காப்பாற்ற வழியே கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும்.

பயன்படுத்தாமல் கிடந்த சின்ன அறையைத் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஒழித்துக் கொடுத்தேன். ஒரு மூலையில் கவிழ்த்த அட்டைப்பெட்டி, வாசல் சுவரைப் பார்த்தபடி. எதிர் மூலையில் மணல் தட்டு. தீனி இரண்டுக்கும் தள்ளி. தாய் முதல் இரண்டு நாள் நான் உள்ளே போனாலே சீறியது. மூன்றாம் நாள் சீறுவதை நிறுத்தி, பெட்டிக்குள்ளிருந்து கண் சிமிட்டாமல் பார்த்தது. கடைசிவரை அதற்குமேல் நெருங்கவிடவில்லை, நானும் முயலவில்லை. மனிதர் கையே படாமல் வளர்ந்த பூனை அது. அதை மடியில் உட்காரவைப்பது நம் ஆசையாக இருக்கலாம், அதற்கு அது வதை.

தராசு

அறைக்கு வந்த அன்று நான்கு குட்டிகளையும் சமையலறைத் தராசில் கிண்ணம் வைத்து நிறுத்தேன். பெரிய சாம்பல் 330, சின்ன சாம்பல் 310, மூன்று நிறம் 300, கறுப்பு 215. பிறக்கும்போது 100 கிராமை ஒட்டியிருக்கும் குட்டி, நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். மூன்று சரியாக இருந்தன. கறுப்பு பின்தங்கியிருந்தது.

அதனால் என் கண் முழுக்கக் கறுப்பின் மேலேயே இருந்தது. தாய்ப்பாலோடு கூடுதலாக இரண்டு வேளை புட்டிப்பால், தனியாக வெந்நீர்ப் பாட்டில், மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று மணிக்கொரு தரம். நோட்டின் அந்தப் பக்கங்களை இப்போது புரட்டினால் கறுப்பைப் பற்றி ஆறேழு வரி, மற்ற மூன்றுக்கும் எண் மட்டும். அந்த எண்கள் இவை. பெரிய சாம்பல், 20-ஆம் நாள் 330. 21-ஆம் நாள் 342. 22-ஆம் நாள் 343. 23-ஆம் நாள் 336.

ஒரு கிராம் ஏறிய நாளிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். 7 கிராம் இறங்கிய நாளில் உடனே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். இந்த வயதில் ஒரு நாள் எடை ஏறாவிட்டால் அது எச்சரிக்கை; குறைந்தால் அது நோய். குட்டி கத்துவதற்கும் துவள்வதற்கும் முன்னாலேயே தராசு சொல்லிவிடும். நான் என்ன எழுதியிருக்கிறேன் என்றால்: “பெ. சாம்பல் 336, இப்பதான் மூத்திரம் போச்சு.”

24-ஆம் நாள் காலை 321. மற்ற மூன்றும் தாயின் வயிற்றில் முட்டிக்கொண்டிருக்க, அது மட்டும் பெட்டியின் ஓரத்தில் தனியாகக் கிடந்தது. மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தது. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்ததுமே முகம் மாறினார். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழையபடி படியவில்லை, உடம்பில் நீர் வற்றியிருந்தது. தோலுக்கடியில் திரவம் ஏற்றினார், மருந்து கொடுத்தார். இரவு பதினொன்றரைக்கு என் கையிலேயே அடங்கிவிட்டது. நான்கில் மிகப் பெரிய குட்டி, ஒரு தொந்தரவும் தராத குட்டி.

ஒரு நாள் முன்னால் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று அவரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது, ஆனா வாய்ப்பு கூட” என்றார். பொய்யான ஆறுதல் சொல்லாததற்கு அவருக்கு நன்றி சொல்கிறேன். அன்றிலிருந்து மூன்றையும் ஒரே மாதிரி பார்த்தேன். காலை ஏழு மணிக்கு, தீனிக்கு முன்னால், அதே கிண்ணத்தில். எண்ணுக்குப் பக்கத்தில் முந்தைய நாளோடு உள்ள வித்தியாசத்தையும் எழுதினேன். இறந்த உடம்பைத் தாயின் முன் அரை மணி நேரம் வைத்தேன். முகர்ந்துவிட்டு மற்றவற்றிடம் போய்ப் படுத்துக்கொண்டது.

அதற்கடுத்த வாரங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 27-ஆம் நாள் சின்ன சாம்பலின் இடது கண் சீழ் கட்டி ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் ஊறவைத்துத் திறந்து, மருத்துவர் தந்த சொட்டு மருந்தை ஒரு வாரம் விட்டேன். முன்பற்கள் முளைத்திருந்தன, நான்காம் வாரத்தில் ஊறவைத்த தீனியை நக்க ஆரம்பித்தன. முதல் நாள் தின்றதைவிட அதற்குள் நடந்ததுதான் அதிகம். மணல் தட்டைத் தாயைப் பார்த்தே பழகிக்கொண்டன. தண்ணீர் பட்டால் கட்டியாகும் மணலை மட்டும் தவிர்த்தேன், இந்த வயதில் அதையும் தின்றுவிடும். குடற்புழு மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஏனென்றால் உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும். நீலக் கண்கள் ஏழாம் வாரத்தில் நிறம் மாறின, கறுப்புக்கு மஞ்சளாக. எட்டாம் வாரத்தில் முதல் தடுப்பூசி. அன்று எடை: சின்ன சாம்பல் 890, மூன்று நிறம் 840, கறுப்பு 760.

வீடு தேடும்போது சின்ன சாம்பலையும் மூன்று நிறத்தையும் சேர்த்தே கொடுத்தேன், ஒரே வீட்டுக்கு. குட்டிகள் ஒன்றையொன்று கடித்துத்தான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கின்றன. தனியாக வளரும் குட்டி அதை நம் கையில் கற்றுக்கொள்ளும். அப்புறம், மூன்று நிறப் பூனை என்றாலே அது பெண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம், விதிவிலக்கு மிக அரிது. அதனால் அந்த வீட்டாரிடம் கருத்தடைக்கான தேதியையும் பேசி முடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். பெண்பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடும் என்பதை அவர்கள் நம்பவே இல்லை. கறுப்புக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நான்காம் வாரத்திலிருந்தே “அது எங்க வீட்டுப் பிள்ளை” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தாய்

பூனைக்குட்டிகளுக்கு உதவுவதாக நினைத்து நம்மில் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். குட்டிகளுக்கு வீடு கிடைத்ததும் தாயைத் திறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்திருப்பேன், ஏழாம் வாரத்து இரவுகளை நேரில் கேட்காமல் இருந்திருந்தால்.

குட்டிகள் அப்போதும் இடையிடையே பால் குடித்துக்கொண்டிருந்தன. அந்த நிலையிலேயே தாய் பருவத்துக்கு வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு அறைக்குள்ளிருந்து கைக்குழந்தை அழுவதுபோல ஒரு நீண்ட ஓலம். போய்ப் பார்த்தால் தரையில் முதுகைத் தேய்த்துப் புரள்கிறது, எழுந்து முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்குகிறது, மறுபடி ஓலம். வெளியே மதில்மேலிருந்து செம்பழுப்புக் கடுவன் பதில் சொன்னது. விடியும்வரை. மறுநாளும், அதற்கு மறுநாளும், ஆறு இரவுகள்.

பால் கொடுக்கும் பூனை சினையாகாது என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்று அப்போது புரிந்தது. பூனைக்குச் சேர்க்கை நடந்தால்தான் சினைமுட்டையே வெளியாகும்; அதனால் குறி தப்புவது குறைவு. சேராவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடி பருவம். சேர்ந்தால் 63 முதல் 65 நாளில் அடுத்த ஈற்று. அன்று அது கொல்லையில் இருந்திருந்தால், இந்த மூன்றுக்கும் வீடு தேடி முடிப்பதற்குள் அதன் வயிற்றில் அடுத்த நான்கு வளர்ந்துகொண்டிருக்கும். அந்த உடம்பை முதல் நாள் மதில்மேல் பார்த்தவன் நான். இடுப்பெலும்பு துருத்திய, காம்பைச் சுற்றி முடி உதிர்ந்த உடம்பு. அது இன்னொரு ஈற்றைத் தாங்கும் உடம்பா? நோயாளி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இந்தக் கதையில் முதல் நோயாளி தாய்தான். நான் குட்டிகளை எடை போட்ட அளவுக்கு அதன் தட்டைக்கூட எடை போடவில்லை.

பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அது அடங்கட்டும் என்றார் மருத்துவர். பாலும் வற்ற வேண்டும். குட்டிகளைப் பகலில் பிரித்து, அப்புறம் இரவிலும் பிரித்தோம். தாயின் தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். மடி கட்டிச் சூடாக இருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்தே கவனித்தேன். பத்தாம் வாரம் மறுபடி அதே கூண்டு. இந்த முறை போர்வை என் தோளிலேயே இருந்தது, விரல் கைப்பிடியில் மட்டும்தான் இருந்தது.

அறுவை முடிந்து அது மயக்கத்தில் கிடந்தபோதுதான் முதன்முதலாக அதைத் தொட்டேன். முதுகு நான் நினைத்ததைவிட மென்மையாக இருந்தது. எடை 3 கிலோ 100. இடது காதின் நுனி நேர்கோடாக வெட்டப்பட்டு, விளிம்பில் ஒரு துளி ரத்தம் உறைந்திருந்தது. ரேபிஸ் தடுப்பூசியும் போட்டாயிற்று. மயக்கம் முழுவதும் தெளிந்து, தின்று, தையல் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, இரண்டாம் நாள் மாலை கொல்லையிலேயே கூண்டைத் திறந்தேன். வேறெங்கும் கொண்டுபோய் விடக் கூடாது. தீனி எங்கே, மறைவு எங்கே, எந்த நாய் எந்தச் சந்தில் என்று அதற்குத் தெரிந்த இடம் இது ஒன்றுதான். புது இடத்தில் விட்டால் திரும்பி வர முயன்று வழியிலேயே செத்துப்போகும்.

கதவைத் தூக்கியதும் அம்பு மாதிரி பாய்ந்து மதிலேறியது. அன்று இரவு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்கு, பன்னிரண்டு அடி தள்ளி வைத்த தட்டில் வந்து நின்றது.

இப்போது தினமும் வருகிறது. இடுப்பெலும்பு தெரிவதில்லை. வயிற்றில் முடி முளைத்துவிட்டது. தின்று முடித்ததும் பலகைகளின் மேல் ஏறி உட்கார்ந்து, அக்கா வீட்டு ஜன்னலில் தெரியும் கறுப்புக் குட்டியை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் முகம் கழுவுகிறது.

செம்பழுப்புக் கடுவனும் வருகிறது, எட்டு மணிக்கு மேல், இருட்டிய பிறகு. அதன் இரண்டு காதும் முழுசாகத்தான் இருக்கின்றன. கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன். கதவைக் கட்டி, தட்டை வாயிலில் வைத்து இரண்டு நாள் ஆகிறது. நேற்று இரவு முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்துத் தின்றுவிட்டுப் போனது.